மல்லாவியில் ஒரு மரல் கயிறு

கிணற்றுக் கயிறு திரிக்கிறவளுக்கு அந்தக் கிணற்றில் ஒரு குடம் அள்ள அனுமதி இல்லை. மல்லாவிக்கு அப்பால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வயல்களுக்கு நடுவே, ஊரறிய நடக்கிற காரியம் இது.

நான் அதைப் பார்க்கப் போகவில்லை. மரல் என்ற செடியின் நாரில் கையாலேயே கயிறு திரிக்கிறார்கள் என்று வவுனியாவில் ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி, 1962 ஆவணி விடுமுறையில் புறப்பட்டேன். காலை ரயிலில் மாங்குளம். அங்கிருந்து மேற்கே பத்து மைலுக்குச் சற்று மேல். பஸ்ஸுக்கு ஐம்பது சதம். எட்டரைக்கு வரும் என்ற பஸ் பத்தேகாலுக்கு வந்தது. மல்லாவியில் இறங்கி இரண்டு மைல் நடை.

திரிக்கிறவர் பாக்கியம். வயல்களுக்குச் சொந்தக்காரரான கமக்காரர் வேலுப்பிள்ளையின் கிணற்றை வெட்டியவர் பாக்கியத்தின் கணவர் சின்னவன். இருவருக்கும் குடிதண்ணீர் மூன்று மைல் தள்ளியுள்ள குளத்தில்தான். ஆவணியில் அது பாதி சேறு.

மரல் இலை வாள்போல நிமிர்ந்து நிற்கும். பலகையில் வைத்துச் சுரண்டினால் பச்சைச் சதை வழிந்து, வெள்ளை நார் மட்டும் மிஞ்சுகிறது. காய்ந்த நாரை வலப்பக்கம் முறுக்கினால் புரி. மூன்று புரிகளைச் சேர்த்து இடப்பக்கம் முறுக்கினால் கயிறு. ஒவ்வொரு புரியும் கழன்று ஓடப் பார்க்கிறது. அந்த ஓட்டமே மற்ற இரண்டையும் இறுக்கிப் பிடிக்கிறது. பசையில்லை, ஆணியில்லை. மயிரளவு நார் ஒரு மனிதனின் உயிரைத் தாங்குகிறது!

"அந்தக் காலத்து வில்லுக்கு நாணும் இதிலதான்," என்றார் சின்னவன். "நம்பாட்டித் தொங்கிப் பாருங்கோ தம்பி."

முன்பு திரித்த ஒரு கயிற்றுத் துண்டு பாலைமரக் கொப்பில் கட்டியிருந்தது. தொங்கினேன். கொப்புத்தான் முனகியது.

மத்தியானம் வேலுப்பிள்ளை சைக்கிளில் வந்தார். காலையில் அவருடைய பழைய கயிறு அறுந்து, வாளி கிணற்றுக்குள் கிடந்தது. புதுக்கயிற்றின் ஒரு முனை மரத்தில். மறுமுனை பாக்கியத்தின் கையில், முடிச்சுப் போடாமல். விட்டால் முறுக்கெல்லாம் அவிழ்ந்துவிடும்.

"எடி, முடிஞ்சுதே? வீட்டில உலை வைக்கத் தண்ணியில்லை."

"முடிச்சு மட்டுந்தான் மிச்சம், கமக்காரன்."

"பிறகென்ன பிராக்குப் பாக்கிறாய்?"

"பழைய கயிறும் நான் திரிச்சதுதானே. என்ர கை பட்ட கயிறு ஒவ்வொரு நாளும் உங்கட தண்ணிக்குள்ள இறங்கினது. ஒருத்தருக்கும் வயித்தாலகூடப் போகேல்லை."

"எடியப்பா, வாயை மூடன்," என்றார் சின்னவன்.

"நீ வெட்டின கிணறு. உனக்கும் சேர்த்துத்தான் கேக்கிறன்." பாக்கியம் கயிற்றின் முனையை விடவில்லை. "இந்தக் கயித்தில முதல் என்ர குடம் இறங்கவேணும், கமக்காரன்."

போகிறவர்களுக்கு: ஆவணியில் போங்கள், வெயிலில் நார் நன்றாகக் காயும். மாங்குளத்திலேயே சாப்பிடுங்கள். திரும்பும் பஸ் மூன்று மணிக்கு. அதை விட்டால் வேறில்லை. தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோங்கள். வழியில் கேட்டால், தருவதற்கு முன் நீங்கள் என்ன ஆட்கள் என்று விசாரிப்பார்கள்.

அந்த பஸ்ஸுக்காக நான் எழுந்தபோதும் பாக்கியம் அப்படியே நின்றார். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. வேலுப்பிள்ளை கயிற்றைப் பார்த்தார். தம் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"சொல்லுங்கோ கமக்காரன். இறக்க விடுவியளோ, மாட்டியளோ?"