எல்லா வீட்டுக்கும் சுண்டல்

எனக்குக் கோவையாக எழுத வராது, ஞாபகமும் பத்தாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்ஸாஸில் காப்பெல் ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன நவராத்திரிக்கு, நம் ஊர் வழக்கப்படி, ஆறு வயதுப் பேத்தி மீனுவிடம் சுண்டல் டப்பாக்களைக் கொடுத்து, தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். மீனு திரும்பி வருவதற்குள் ஆபீஸிலிருந்து வந்த மகளிடமும் அதைச் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கடைசி வீட்டுக்குமாம்மா? அந்த ஆளு குழந்தைங்ககிட்ட தப்பா நடந்து ஜெயிலுக்குப் போனவன். இங்க அப்படிப்பட்டவங்க போட்டோ, அட்ரஸ் எல்லாம் கவர்ன்மென்ட் வெப்சைட்லயே போடுவாங்க, அவனுதும் இருக்கு. நீ பயப்படுவியேன்னுதான் சொல்லல."

செருப்புகூடப் போடாமல் ஓடினோம். அந்த வீட்டு வாசற்படியில் மீனு ஒரு காலை உள்ளே வைத்திருந்தாள். கதவைப் பிடித்தபடி அந்த ஆள் சிரித்து, "கம் இன், ஸ்வீட்டி" என்று உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மகள் அவளை வாரித் தூக்கிக்கொண்டாள்.

"பட் அம்மா, பாட்டி செட் எவ்ரி ஹவுஸ்!" என்று, நான் எல்லா வீட்டுக்கும் என்று சொன்னதையே சொல்லி மீனு அழுதாள்.

இப்போது எந்த வீட்டுக்கும் அவளைத் தனியே அனுப்புவதில்லை, நானும் கூடப் போகிறேன். தப்பு செய்த எல்லாருமே அந்த வெப்சைட்டில் இருக்கமாட்டார்கள் என்கிறாள் மகள். நான் எழுதியது சரிதானா என்று விவரம் தெரிந்த யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.