மீசை முளைக்கும் வரை

மீசையையும் எடுக்கச் சொன்னது நான்தான். குழுவில் யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சவரக்கடை அண்ணன் மேல் பழியைப் போட்டிருப்பேனோ என்னவோ. அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

உத்தமபாளையத்தில் ஒரு பழைய நெல் குடோன். அரிசி வியாபாரம் பார்த்த பாய் ஒருவர், "சும்மா எலி ஓடிக்கிட்டுக் கெடக்கு, எடுத்துக்கங்க" என்று சாவியைக் கொடுத்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் வெள்ளையடித்து, கக்கூஸ் கட்டி, கட்டில் போட்டோம். பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் கிடப்பவர்களைக் கூட்டிவந்து தங்கவைக்கிறோம். சோறு, தெருவுக்கு ஒரு நாள் என்று முறை. சவரக்கடை அண்ணன் காசு வாங்காமல் முடி வெட்டிவிடுவார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் காலேஜும் முடித்தவன் நான் என்பதால், பதிவேடு எழுதுவதும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் என் வேலை. ஆள் வந்தபோது ஒரு படம், மொட்டையடித்துக் குளித்து வெள்ளை வேட்டி கட்டியதும் ஒரு படம். அந்த இரண்டாவது படத்தைப் பார்த்துத்தான் கட்டிலும் போர்வையும் வந்து சேர்ந்தன.

மீசை போன அந்த அண்ணனைக் குச்சனூரில் பார்த்தோம். சனீஸ்வரன் கோயில் சனிக்கிழமைக் கூட்டம் கலைந்த பிறகும் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சடை பிடித்த தலையில் பேன் ஊர்ந்தது. பேச்சு அதிகமில்லை. "சோறு உண்டா?" என்றார். உண்டு என்றோம். ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

குடோன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தோம். சவரக்கடை அண்ணன் தலையை வழித்து, தாடியை எடுத்து, மீசைக்கு வந்ததும் கையை நிறுத்தினார்.

"தம்பி, மீசை இருக்கட்டுமா?"

போனைப் பார்த்துக்கொண்டே, "அதையும் எடுத்துருங்கண்ணே, படத்துல பளிச்சுன்னு இருக்கும்" என்றேன். ஸ்டூலில் இருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

குளித்து வந்தவர் கண்ணாடி முன் நின்றார். தலையைத் தடவினார். மேலுதட்டைத் தடவினார்.

"யாரு செத்தாக?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரும் சாகலண்ணே. மாப்பிள்ள கணக்கா இருக்கீக."

"சொல்ல மாட்டேங்கிறீக" என்று கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை.

சாயங்காலம், திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து வந்த அப்பாவிடம் படங்களைக் காட்டினேன். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. இரண்டாவது படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆத்தாளா, அப்பனா?"

"யாருக்குப்பா?"

"இந்த ஆளுக்குத்தான்டா. மொட்ட போட்டு மீசையும் எடுத்துருக்காக. கொள்ளி வச்சிட்டு வந்தவன் கணக்கா நிக்கிறான்."

தாத்தா செத்த அன்று சுடுகாட்டில் இதே கோலத்தில் அப்பாவைப் பார்த்தவன் நான்.

"யாரு செத்தாகன்னு என்னையக் கேட்டாருப்பா."

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேன்."

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாப் படிச்ச, போ."

விடிந்ததும் குடோனிலிருந்து பாய் போனில் கூப்பிட்டார். "தம்பி, புது ஆளைக் காணோம். கேட்டு தொறந்து கெடக்கு."

மொட்டை போட்டவன் அடுத்துச் செய்வது தலை முழுகுவதுதான். முல்லையாற்றில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. வண்டியை ஆற்றுக்கு விரட்டினேன். வந்தபோது ஒரு படம், குளித்ததும் ஒரு படம். இனி போலீஸ்காரர் எடுக்கப்போகிற மூன்றாவது படம் ஒன்று கண்ணுக்கு முன்னால் வந்து வந்து நின்றது.

படித்துறையில் நாங்கள் கொடுத்த வேட்டி மடித்து வைத்திருந்தது. பறக்காமலிருக்க மேலே ஒரு கல். ஆள் இல்லை. நாலு படிதான் வெளியே தெரிந்தது. மற்றதெல்லாம் கலங்கல் தண்ணீர். கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போதுதான் மொட்டைத் தலை மேலே வந்தது. நெஞ்சளவுத் தண்ணீரில், கோவணத்தோடு, ஓரத்து நாணலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடி முங்கினார். எழுந்தார். மூன்றாவது தடவை முங்கியவர் சீக்கிரம் எழவில்லை. நான் எண்ணவில்லை. எண்ணினால் நேரம் கூடிவிடும் என்று பயந்தேன்.

எழுந்தார்.

"அண்ணே, வந்துருங்கண்ணே. இழுக்குது."

அவர் திரும்பவில்லை. "ஆத்தாதான? நேத்தே சொல்லியிருந்தா நான் போயிக் கொள்ளி வச்சிருப்பேன்ல."

யாரும் சாகவில்லை என்று மறுபடி சொல்ல வந்தேன். எனக்கு எப்படித் தெரியும்? பதிவேட்டில் ஊர் என்ற இடத்தில் 'குச்சனூர் கோயில்' என்றுதான் எழுதியிருந்தேன்.

"எனக்குத் தெரியலண்ணே" என்றேன். "ஊரச் சொல்லுங்க. இன்னைக்கே போயிக் கேட்டுட்டு வந்து உள்ளதச் சொல்றேன். அதுவரைக்கும் கரையில இருங்க."

மெதுவாகத் திரும்பினார். தண்ணீருக்குள் இரண்டு படி இறங்கினேன். முழங்காலைப் பிடித்து யாரோ தள்ளுவது போலிருந்தது. கையை நீட்டினேன். ஊர் தேவாரம் என்றார். கோயிலுக்குப் பின்னால், செக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த வீடு. ஆத்தா பேரையும் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் என் கையைப் பிடித்தார்.

அவரைக் குடோனில் பாயிடம் விட்டுவிட்டுத் தேவாரம் பஸ்ஸில் போகும்போது ஆற்றில் நின்றதைவிடப் பயமாக இருந்தது. அந்த அம்மா இறந்துபோயிருந்தால் திரும்பி வந்து அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

வாசலில் ஒரு அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பேரைக் கேட்டேன். அவர்தான். முதல் படத்தைக் காட்டினேன். "யாரு இது, பரதேசியா?" என்றார். இரண்டாவதைக் காட்டினேன். கையிலிருந்த சொளகு சரிந்து மொச்சையெல்லாம் கொட்டியது.

"வீட்ட விட்டுப் போயி எட்டு வருசமாச்சு. நான் குத்துக்கல்லு கணக்கா இங்கன உக்காந்துருக்கேன். எந்தப் பய இவனுக்கு மீசைய எடுத்தது?"

"நான்தான் ஆத்தா."

"உங்க ஆத்தா இருக்காளா?"

"இருக்காக."

"பெறகு?"

பாய்க்குப் போன் போட்டு, அண்ணன் காதில் வைக்கச் சொல்லிவிட்டு, என் போனை ஆத்தாவிடம் கொடுத்தேன். "ஏலே, நான் சாகலடா. குடுக்குற சோத்தத் தின்னு" என்றார். அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

"வாங்க ஆத்தா, கூட்டிட்டுப் போறேன். ரெண்டு மணி நேரத்துல திரும்பிரலாம்."

"இந்தக் கோலத்துல அவன நான் பாக்க மாட்டேன். அவனும் என் முன்னால வரக்கூடாது. மீசை மொளைக்கட்டும். அப்பறம் கூட்டியா." சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்தார். இரண்டடி நடப்பதற்குள் இருமல் வந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து வந்த அவருடைய இளைய மகன் தன் நம்பரை எனக்குக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் கேட்காமல் யாருக்கும் முடி வெட்டுவதில்லை. சிலர் சடையோடுதான் இருக்கிறார்கள். படம் போடுவது குறைந்துவிட்டது.

அண்ணன் காலையில் கண்ணாடி பார்த்துவிட்டு என்னிடம் வருவார். "போதுமா தம்பி?" மேலுதட்டில் உமி ஒட்டியது போல இருக்கிறது. "இன்னுங் கொஞ்சம்ணே" என்பேன். தேவாரத்து நம்பரிலிருந்து போன் அடித்தால் உடனே எடுப்பதில்லை. முதலில் அவர் உதட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.