ஒரே கனூவில் நானும் இவரும்

நடுப்பகலில் என் கணவர் குசினிக்குள் நிற்பதைக் கண்டால் எனக்கு இப்போதும் ஒரு கணம் திடுக்கிடும். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ரொறன்ரோவில் சிஃப்ட் வேலை செய்து பிள்ளை வளர்த்தவர்களுக்கு உடனே விளங்கும். இவருக்குப் பிறம்ரனில் ஒரு வேர்ஹவுசில் இரவு வேலை. எனக்கு ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. நான் சப்பாத்துப் போடும் நேரத்தில் இவர் சப்பாத்தைக் கழற்றுவார். மகள் தர்சினி பிறந்ததிலிருந்து பல்கலைக்கழகம் முடிக்கும்வரை எங்கள் குடித்தனம் பெரும்பாலும் வாசல் கதவடியில்தான் நடந்தது. போன வருடம் இருவரும் ஓய்வு பெற்றோம். வோபர்னில் உள்ள எங்கள் சின்ன வீட்டில் இப்போது நாள் முழுக்க இரண்டு பேர். சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று இவருக்குத் தெரியாது. இவர் ரேடியோவை இவ்வளவு சத்தமாக வைப்பார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் சண்டை பிடித்தோம் என்று சொல்ல முடியாது. சண்டை பிடிக்கவும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். மரியாதையான இரண்டு வாடகைக்காரர் போல ஒருவரையொருவர் விலத்தி நடந்தோம்.

இதையெல்லாம் தர்சினி பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிக்கரிங்கிலிருந்து வந்து, “அம்மா, அப்பா, நோ ஆர்கியுமென்ற்ஸ். புக் பண்ணிட்டன். நீங்கள் ரெண்டுபேரும் கனூ ட்ரிப் போறீங்கள்” என்றாள். அமெரிக்காவில், யூட்டாப் பாலைவனத்தில், மலைகளை அறுத்துக்கொண்டு ஓடும் ஆற்றில், வழிகாட்டியோடு பல நாள் பயணம். இங்கே கோடை வந்தால் காரின் தலையில் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு போவார்களே, அந்த ஒடுங்கிய தோணிதான் கனூ.

“பாலைவனத்திலை என்னெண்டு தோணி விடுறது?” என்று இவர் கேட்டார்.

“கூகிள் இற், அப்பா.”

ஆற்றங்கரையில் எங்களுக்காகக் காத்திருந்த வழிகாட்டியின் பெயர் கேசி. வெயிலில் காய்ந்து செப்பு நிறமாகிவிட்ட, நெடுநெடுவென்ற பெண். துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று அவள் காட்டியபோது இவர் எனக்கு மட்டும் கேட்கும்படி, “ஊர்காவற்துறைக் கடற்கரையிலை பிறந்தவனுக்கு உவ துடுப்பு வலிக்கப் படிப்பிக்கிறாவோ?” என்றார். நான் முன்னுக்கு, இவர் பின்னுக்கு ஏறினோம். “இடது! இடது!” என்று இவர் கத்தினார். நான் இடப்பக்கம் வலித்தேன். கனூ வலப்பக்கம் திரும்பியது. நான் இடப்பக்கம் போகவேண்டும் என்று இவர் சொல்ல, இடப்பக்கம் வலிக்கவேண்டும் என்று நான் விளங்கிக்கொள்ள, ஆற்றின் நடுவில் பம்பரமாகச் சுற்றினோம். கேசி சிரித்தபடி, இப்படி இருவர் ஏறும் கனூவைத் தாங்கள் ‘டிவோர்ஸ் போட்’ என்று சொல்வதாகச் சொன்னாள். இவர் முகத்தை இறுக்கிக்கொண்டு, “நோ, நோ. வீ ஆர் கத்தோலிக்” என்றார். மற்றக் கனூக்களில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு பாறைகளில் மோதித் திரும்பி வந்தது.

அடுத்த நாள் காலை அசடு வழிவது என்னுடைய முறை. ‘க்ரூவர்’ அந்தப் பற்றைக்குப் பின்னால், நல்ல காட்சியோடு இருக்கிறது என்று கேசி எல்லோருக்கும் அறிவித்தாள். க்ரூவர் இன்னொரு வழிகாட்டி என்று நினைத்தேன். பாவம், தனியாக இருக்கிறாரே என்று ஒரு கோப்பை தேத்தண்ணியோடு போனேன். அங்கே ஆளில்லை. செங்குத்தான மலையைப் பார்த்தபடி, மூடி போட்ட ஓர் இரும்புப் பெட்டி மட்டும் இருந்தது. பாலைவனத்தில் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாதாம். கழிவறையையும் கூடவே கொண்டுபோகிறார்கள். “ரேக் யுவர் ரைம்!” என்று பின்னாலிருந்து கேசி குரல் கொடுத்தாள். அந்தத் தேத்தண்ணியை நானே குடித்தேன்.

அன்றைக்கு எங்கள் இருவரில் ஒருவர் தன் கனூவுக்கு மாறி வரலாம் என்று கேசி சொன்னாள். “நீர் போறதெண்டால் போம்” என்றார் இவர். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் எங்கள் கனூவிலேயே ஏறினேன்.

ஆறு அங்கே குளம்போல அமைதியாகக் கிடந்தது. நாங்கள் இருவரும் ஒன்றாகப் படகில் இருந்தது அதற்கு முன்னர் ஒரே ஒரு தடவைதான். கலியாணம் கட்டிய புதிதில், போர்க்காலத்தில், இரவோடு இரவாகக் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்தபோது. நேவிக்குக் கேட்டுவிடும் என்று அந்தப் படகில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. தாய்மார் குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். இவர் என் கையைப் பிடித்த பிடி மட்டும் நினைவிருக்கிறது. இந்தப் படகிலோ எங்களைப் பேசவேண்டாம் என்று சொல்ல யாருமில்லை.

“தர்சினி முதல் முதல் நடந்தது எப்பிடி எண்டு சொல்லுமன்” என்றார் பின்னாலிருந்து.

“நீங்கள் நித்திரை. எழுப்பக்கூடாதெண்டு நானும் அவளும் சத்தமில்லாமல் கை தட்டினம்.”

அவருடைய துடுப்புச் சத்தம் நின்றது. “எழுப்பியிருக்கலாம்” என்றார். பிறகு அவர் தன்னுடைய இரவுகளைச் சொன்னார். ஆளில்லாத வேர்ஹவுசில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டிக்கொண்டு உரத்த குரலில் பாடுவாராம். அவர் பாடுவார் என்பதே எனக்குச் செய்தி. பாடச் சொன்னேன். மலை அதைத் திருப்பிப் பாடியது, அவரைவிடக் கொஞ்சம் சுருதியாக.

அடுத்த நாள் மத்தியானம் காற்று எதிர்த்து அடித்தது. கனூ பக்கவாட்டில் திரும்பி, அலை உள்ளே ஏறியது. கரையிலிருந்து கேசி கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை. என் கை சோர்ந்து, துடுப்பு நழுவப் பார்த்தது.

“விடாதையும்! ஏதாவது கதைச்சுக்கொண்டு வலியும்!” என்றார் இவர்.

என்ன கதைப்பது? வாயில் வந்ததைச் சொன்னேன். “ரேடியோவைக் குறையுங்கோ!” துடுப்பில் ஓர் இழுவை. “சீனிப் போத்தலை மூடி வையுங்கோ!” இன்னோர் இழுவை. “நீர் எனக்குச் சமைக்க விடுறேல்லை!” என்று பின்னாலிருந்து ஓர் இழுவை. முறை வைத்துக் குறை சொல்லிச் சொல்லி ஒரே தாளத்தில் வலித்தோம். கனூ நேராகி மணலில் போய் ஏறியது.

“சண்டை பிடித்தீர்களா?” என்று கேசி பதறிக்கொண்டு கேட்டாள்.

“யெஸ். வெரி குட் ஃபைற்” என்றேன். உடுப்பு முழுக்க நனைந்திருந்தது. இருவரும் மணலில் குந்தியிருந்து சிரித்தோம்.

கடைசி நாள், எங்கள் ஆறு இன்னோர் ஆற்றோடு சேரும் இடத்துக்கு வந்தோம். எங்களுடையது பச்சை, மற்றது செம்பழுப்பு. சேர்ந்த பின்னும் அவை உடனே கலக்கவில்லை. நடுவே கோடு போட்டதுபோல இரண்டு நிறமும் பக்கம் பக்கமாக ஓடின. கேசி தன் கனூவை அருகே கொண்டுவந்து, உங்கள் வீடு எங்கே என்று இயல்பாகக் கேட்டாள்.

“ரொறன்ரோ” என்றார் இவர். அதே நேரத்தில் “யாழ்ப்பாணம்” என்றேன் நான். ஒருவரையொருவர் பார்த்தோம். பிழையைத் திருத்த நினைத்து நான் “ரொறன்ரோ” என்றேன். அவர் “யாழ்ப்பாணம்” என்றார். கேசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையாட்டிவிட்டு முன்னே போனாள்.

நாங்கள் துடுப்புகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். நான் இருந்த முன்பக்கம் செம்பழுப்பிலும் அவர் இருந்த பின்பக்கம் பச்சையிலுமாக, அந்தக் கோட்டுக்குக் குறுக்கே கனூ மெல்ல மிதந்து போனது.