மூன்று நாள் பஞ்சம், மூன்று நாள் வெள்ளம்

என் சமையலை அப்பா முதன்முதலாகப் பாராட்டியது, அவருக்கு நாக்கு செத்துப்போன வாரத்தில்தான். நான் வைத்த உருளைக்கிழங்கு சூப்பை ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்துவிட்டு "நல்லாயிருக்கு" என்றார். பூரித்துப்போய் நானும் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தேன். அதில் உப்பே இல்லை.

அப்பா ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமையல் மாஸ்டர். தினமும் நானூறு பேருக்குச் சமைக்கிறவர். அண்டாவின் ஆவியை மோந்தே உப்பு எவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிடுவார் என அங்கே ஒரு பேச்சு உண்டு. பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது மணமும் ருசியும் சேர்ந்தே போயிருந்தன. எதைத் தின்றாலும் காகிதத்தை மெல்லுவது போலிருக்கிறது என்றார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்தார். கேண்டீன் மேனேஜர் நல்ல மனிதர், மூன்று மாதம் விடுப்பு கொடுத்தார். அதற்குள் ருசி திரும்பாவிட்டால் ஸ்டோர் ரூம் வேலை. சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு, வருகிற மூட்டைகளை இறக்கி வாங்க வேண்டும். அப்பா அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார்.

"அடுப்பைப் பாத்துக்கிட்டே வெளியில உக்காந்திருக்கணும்," என்றார்.

அம்மா போன பிறகு எங்கள் வீட்டு அடுப்பும் அவர் கையில்தான் இருந்தது. எனக்கு விதிக்கப்பட்டது பாத்திரம் கழுவுவது. காய் நறுக்குகிறேன் என்று போனால், நான் கத்தி பிடிக்கும் அழகைப் பார்த்துவிட்டுக் கத்தியை வாங்கிக்கொள்வார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் அடுப்படிப் பக்கமே வரவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்றார். அப்படித்தான் இருபத்தாறு வயதில் எனக்குப் பட்டாபிஷேகம் நடந்தது.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் நல்லாயிருந்தது. அடிப்பிடித்த சோறும் நல்லாயிருந்தது. சர்க்கரை டப்பாவை உப்பு டப்பா என்று நினைத்துச் செய்த ஆம்லெட்டும் நல்லாயிருந்தது. முப்பது வருடத்தில் இன்னொருவர் சமையலை அவர் பாராட்டி யாரும் கேட்டதில்லை. அக்கா கல்யாண விருந்தில்கூட, சமைத்தவரைக் கூப்பிட்டு வீணாக எரிந்த எரிவாயுவுக்காக வருத்தம் தெரிவித்தவர் அவர். அதனால் இந்தப் பாராட்டுதான் நோயின் அறிகுறி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நோய் தீர வேண்டும் என்றுதான் மனதார நினைத்தேன். ஆனால் ஒரு வாரம் தள்ளித் தீர்ந்தாலும் பரவாயில்லை என்று ஓரத்தில் ஓர் ஆசையும் இருந்தது.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். ஒரு ஞாயிறு என் சூப்பைக் குடித்துவிட்டு, அடுத்தடுத்து மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாள். அப்பாவுக்கு நாக்கு போனது உன் அதிர்ஷ்டம்டி என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனாள்.

தினமும் வெவ்வேறு வாசனைகளை மோந்து பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள் என்று வரிசையாக நீட்டினேன். அப்பா மூக்கை வைத்து இழுத்துவிட்டு, பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை மாதிரி என்னைப் பார்ப்பார். கடைச் சரக்கில் உயிரில்லை, செடியிலிருந்து அப்போதே பறித்ததை மோந்தால் நிச்சயம் தெரியும் என்று எனக்கு நானே முடிவுகட்டினேன். பால்கனிக்கு நான்கு தொட்டிகள் வந்தன. தக்காளி, கீரை, மிளகாய், வெள்ளரி. அதுவரை நான் வளர்த்ததாகச் சொல்லிக்கொள்ள என் கூந்தல் ஒன்றுதான் இருந்தது.

மண்ணைத் தொடுவதற்கு முன் நூலகத்துக்குப் போனேன். நான் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், வாடகைப் பத்திரம், மாத்திரைக் குறிப்பு என்று எது வந்தாலும் ஒரு மொழியில் உள்ளதை இன்னொன்றில் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் ஒரு மொழிக்கு ஒன்றாக இரண்டு தோட்டப் புத்தகங்கள் எடுத்துவந்தேன். ஒரு புத்தகம் தினமும் தாராளமாகத் தண்ணீர் விடு என்றது. மற்றது மண் நன்றாகக் காயும்வரை தொடாதே என்றது. இரண்டு தாளும் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குப் பயிற்சி. முரண்பட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்றைப் பிடித்து மற்றதைக் கைவிட மனம் வரவில்லை. கடைசியில் ஒரு சமரசம் கண்டுபிடித்தேன். வாரத்தில் மூன்று நாள் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அடுத்த மூன்று நாள் தாராளம். ஞாயிறு விடுமுறை. இதைக் கட்டம் போட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

எங்கள் பால்கனிக்கு நேர் கீழே ஒரு டெய்லரம்மா கடை போட்டிருக்கிறார். தாராள நாட்களில் என் தண்ணீர் அவருடைய கொடியில் தொங்கும் துணிகள்மேல் சொட்டும். இரண்டாவது வாரம் படியேறி வந்தார். திட்டுவார் என்று பயந்து, மன்னிப்பு வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு நின்றேன். அவர் தொட்டிகளைப் பார்த்தார், ஃப்ரிட்ஜில் இருந்த கட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மூணு நாள் பஞ்சம், மூணு நாள் வெள்ளம். செடி என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்றார். "ஏட்டுச் சுரைக்காய்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ ஏட்டு வெள்ளரிக்காய் போடுற."

எனக்கு எதிர்ப்பேச்சு பேச வராது. வராண்டாவில் யாரோடாவது பேச நேர்ந்தால் அதற்கான பதில் மறுநாள் குளிக்கும்போதுதான் தோன்றும். அதனால் தலையாட்டினேன். புத்தகங்களை நம்பிக் கட்டத்தையும் மாற்றவில்லை.

கீரை முளைத்த வேகத்தில் அழுகியது. தக்காளி மூன்று காய்த்து, மூன்றும் வெடித்தன. மிளகாய்ச் செடி பூத்தது, பூ உதிர்ந்தது, மறுபடி பூத்தது. என்னைப் போலவே அதற்கும் ஆரம்பிக்க மட்டும்தான் தெரிந்திருந்தது. வெள்ளரிக் கொடி மட்டும் என் சமரசத்தையும் மீறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறியது. நான்கு காய்கள் விட்டது. ஆபீஸ் போகுமுன்னும் வந்த பின்னும் அவற்றை விரலால் அளந்து பார்த்தேன்.

இதற்குள் விடுப்பு முடிய ஒரே ஒரு நாள்தான் மிச்சம். திங்கட்கிழமை காலை கேண்டீனுக்கு வந்து ஓர் அண்டா குழம்பு வைத்துக் காட்டுங்கள், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று மேனேஜர் போனில் சொன்னார். அப்பா சரி என்று வைத்துவிட்டார். பிறகு வெகுநேரம் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார், ஏதோ சாவி அதற்குள் வந்துவிட்டதா என்று பார்ப்பது போல.

ஞாயிறு மதியம் அக்கா வந்தாள். பெரிய வெள்ளரிக்காயைப் பறித்து, கழுவி, வட்டம் வட்டமாக நறுக்கி நடுத்தட்டில் வைத்தேன். உப்பு, எலுமிச்சை எதுவும் சேர்க்கவில்லை. கெடுப்பதற்கு வழியே இல்லாத ஒரு பண்டத்தைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.

அக்கா ஒரு துண்டை வாயில் போட்டாள். அவள் முகம் அப்படியே நின்றுபோனது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், தங்கச்சி வளர்த்த காய் என்ற பாசமும் சேர்ந்துகொள்ள, கண்ணில் தண்ணீர் வந்தது. நான் அவசரமாக ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தேன். வேப்பங்கொழுந்து தோற்றுவிடும்.

தட்டை இழுப்பதற்குள் அப்பா இரண்டு துண்டுகளை வாயில் போட்டுவிட்டார். மென்றார். நானும் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தோம். வழக்கமான பாராட்டு வரவில்லை. மெல்லுவது நின்றது. வாயிலிருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, கசக்குது?"

அவருக்கே தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது. இன்னொரு துண்டை எடுத்தார். காம்புப் பக்கத்துத் துண்டு. மென்றுவிட்டு, "இங்க அதிகம்," என்றார். நுனித் துண்டை எடுத்து மென்றார். "இங்க கம்மி." முழுக் காயையும் அப்படியே வரிசையாகச் சோதித்தார். அவரைத் தவிர வேறு யாரும் அவ்வளவு கசப்பை அவ்வளவு ஆசையாகத் தின்றிருக்க மாட்டார்கள். பிறகு எழுந்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக அடுப்படிக்குள் போனார். சூப் பாத்திரத்தின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கரண்டிச் சத்தம் கேட்டது.

"இதையா மூணு மாசமா எனக்கு ஊத்தின?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அவள் அழுகிறாளோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம். என் புகழ் அத்தோடு முடிந்தது.

கசப்பு முழுசாக வந்திருந்தது, உப்பு கொஞ்சம் வந்திருந்தது. மணமும் புளிப்பும் இனிப்பும் இன்னும் வரவில்லை. மறுநாள் காலை அப்பா மிச்சமிருந்த மூன்று வெள்ளரிக்காயில் ஒன்றைப் பறித்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அண்டாவை ருசிபார்ப்பதற்கு முன் ஒரு துண்டு மென்று, நாக்கு விழித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாராம். உப்பை அவரே சரியாகச் சொல்லிவிட்டார். புளிப்புக்கு மட்டும் உதவியாளரைக் கூப்பிட்டார். மேனேஜர் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, புளிப்பு வரும்வரை உதவியாளர் பக்கத்தில் நிற்கட்டும் என்று சொல்லி, ஸ்டோர் ரூம் சாவியை வேறொருவரிடம் கொடுத்தார்.

வீட்டு அடுப்பு அன்றைக்கே கைமாறியது. நான் பழையபடி பாத்திரம் கழுவுகிறேன். தோட்டம் மட்டும் என்னிடம் இருக்கிறது. டெய்லரம்மா மேலே வந்து, பஞ்சமும் வெள்ளமும் மாறி மாறி வந்தால் வெள்ளரி கசக்கத்தான் செய்யும் என்று சொல்லி, புத்தகங்களை ஓரமாக வைத்துவிட்டு மண்ணில் விரலை விட்டுப் பார் என்று காட்டிக்கொடுத்தார். கீரையும் தக்காளியும் போன தொட்டிகளில் வெள்ளரி போட்டேன்; இப்போது அதில் காய்ப்பது கசப்பதில்லை. அப்பா அதைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் பழைய வெள்ளரித் தொட்டிக்கு மட்டும் அந்தக் கட்டத்தின்படியே தண்ணீர் விட வேண்டும் என்பது அவர் உத்தரவு. புளிப்பும் இனிப்பும் வரும்வரை, வேலைக்குக் கிளம்புமுன் அதிலிருந்து ஒரு துண்டு மென்று பார்க்க வேண்டுமாம். கட்டம் இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. வாடி நிற்கிற கொடியைப் பார்த்துக்கொண்டே மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டிருப்பது லேசில்லை. போன புதன்கிழமை மனம் கேட்காமல் அரைச் செம்பு ஊற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமைத் துண்டை மென்ற அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கசப்பு கொறையுது," என்றார். "நடுவுல தண்ணி ஊத்தினியா?"