ஒரு பிடி வைக்கோல்

நல்லது செய்வதில் நான் முதல் பரிசு வாங்கியவள். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. டிசம்பர் மாதம் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்ட ஆள் சேர்க்கும்போது, பாசி பிடுங்கித் தருகிறேன், நட்சத்திரம் ஒட்டித் தருகிறேன் என்று எந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வேன். பாலன் இயேசுவைக் கிடத்தும் தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பும் வேலையை மட்டும் வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவேன். முதுகுவலி என்று காரணம் சொல்வேன். ஒரு பிடி வைக்கோல் பரப்ப முதுகு எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஏற்காட்டிலிருந்து வெள்ளக்கடை போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா ரைட்டராக இருந்தார். காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யார் யார் எந்தக் காட்டில் பழம் எடுக்க வேண்டும் என்று பிரித்து அனுப்புவது அவருடைய வேலை. எஸ்டேட்டுக்குள்ளேயே தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று இருந்தது. சாமியார் டவுனிலிருந்து ஜீப்பில் வந்து ஞாயிறு பூசை வைப்பார். கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசையை அவர் டவுன் கோயிலில் வைத்தாக வேண்டும் என்பதால், எங்களுக்கு மாலையிலேயே பூசையை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதனால் எங்கள் எஸ்டேட்டில் மட்டும் பாலன் மற்ற ஊர்களுக்கு ஆறு மணி நேரம் முன்னதாகவே பிறந்துவிடுவார். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக்காலம் தொடங்கிய ஞாயிறன்று, ஞானோபதேசம் சொல்லித்தர வந்த சிஸ்டர் ஒரு கட்டு வைக்கோலோடு வந்து இறங்கினார். மலையில் நெல் ஏது, வைக்கோல் ஏது? சேலத்திலிருந்து உரம் ஏற்றி வந்த லாரியில் சொல்லி வாங்கிவந்திருந்தார். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காலிச் செருப்புப் பெட்டி. அதன் மேல் பெயர் எழுதிப் பீடத்துக்கு ஓரமாக வரிசையாக வைத்தோம். ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோலை எடுத்துத் தன் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். கிறிஸ்துமஸுக்கு எல்லாப் பெட்டியையும் தொட்டியில் கொட்டி அதன் மேல் பாலனைக் கிடத்துவார்கள். யாருடைய பெட்டி நிறைந்திருக்கிறதோ அவர்தான் பூசையில் பாலன் சொரூபத்தைக் கையில் ஏந்திவர வேண்டும்.

சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார். செய்த நல்லதை வெளியே சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அந்த வைக்கோல் செல்லாது.

பிறகு எஸ்டேட்டில் பெரியவர்கள் நிம்மதியாக நடமாட முடியவில்லை. தண்ணீர்க் குடத்தோடு யாராவது வந்தால் நான்கு பேர் பாய்ந்து பிடுங்குவோம். அப்பாவின் செருப்பை நான் ஒருநாளில் மூன்று தடவை துடைத்து வைத்தேன். தம்பிக்கு என் வாழைப்பழத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, அவன் வேண்டாம் என்று அழ அழ வாயில் திணித்தேன். அவ்வளவு பாடுபட்டும் எஸ்டேட் கம்பவுண்டர் மகளுடைய பெட்டி என் பெட்டியைவிட வேகமாக நிறைந்தது. அவள் வீட்டில் நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். நல்லது செய்ய அவளுக்கு வீட்டு வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. எனக்கு அவள் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மூன்றாவது ஞாயிறன்று சாமியார் பிரசங்கத்தில், இரண்டு உடுப்பு வைத்திருப்பவர் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டும் என்றார். எனக்கு உடனே எங்கள் அத்தையின் நினைவு வந்தது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. பட்டாளத்தில் இருந்த மாமா இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டார். அவரிடம் இரண்டு சால்வைகள் இருந்தன. ஒன்று நூல் பிரிந்த பழசு, தினமும் போர்த்துவது. இன்னொன்று மாமா காஷ்மீரில் இருந்தபோது வாங்கி அனுப்பிய காப்பி நிறக் கம்பளிச் சால்வை. வருடம் முழுக்க அது பெட்டிக்குள் பாச்சை உருண்டைகளோடு கிடக்கும். கிறிஸ்துமஸ் பூசைக்கு மட்டும் வெளியே வரும்.

அன்றைக்கு என்னிடமும் இரண்டு ஸ்வெட்டர்கள் இருந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போடும் மெரூன் நிறத்தது ஒன்று. ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் பாய் கடையில் கிறிஸ்துமஸுக்கு எடுத்த, மார்பில் முயல் போட்ட புதுசு ஒன்று. இரண்டு என்ற கணக்கு எனக்கு அத்தையிடம்தான் சரியாக வந்தது, என்னிடம் வரவில்லை.

பழனியம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குத் துணி துவைக்க வருவார். மற்ற நாட்களில் பழம் எடுக்கப் போவார். அவருக்கு அப்போது இரண்டு மாதக் கைக்குழந்தை. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து, பழைய சேலையில் சுற்றிப் படுக்க வைத்திருப்பார். அது இருமிக்கொண்டே இருக்கும். அன்று பூசை முடிந்து வந்ததும், அம்மாவும் அத்தையும் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து சால்வையை எடுத்தேன். நேராகப் போய்ப் பழனியம்மாவிடம் நீட்டினேன்.

"பாப்பாவுக்கு" என்றேன்.

அவர் கையைச் சேலையில் துடைத்தார், ஆனால் வாங்கவில்லை. "நொம்ப நல்ல துணியாட்டம் இருக்குதுங்க கண்ணு. ஊட்ல குடுக்கச் சொன்னாங்களா?"

"இது என்னோடது."

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. அவர் குழந்தையைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார். குழந்தை இருமியது. பிறகு வாங்கிக்கொண்டார்.

"யாருகிட்டயும் சொல்லக்கூடாது" என்றேன்.

"ஏனுங்க?"

"சொன்னா என் வைக்கோல் செல்லாது."

அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். செருப்புப் பெட்டியும் வைக்கோலும் அவருக்கு என்ன புரிந்திருக்கும்? ஆனாலும் சிரித்துக்கொண்டே ஈரக் கையை என் உள்ளங்கையில் வைத்து, "சொல்லமாட்டேனுங்க சாமி" என்று சத்தியம் செய்தார்.

சாயங்காலம் கோயிலுக்குப் போய் ஒரு வைக்கோல் எடுக்கக் குனிந்தவள் யோசித்தேன். வாழைப்பழத்துக்கும் ஒன்று, கம்பளிச் சால்வைக்கும் ஒன்றா? ஒரு பிடி அள்ளிப் பெட்டியில் போட்டேன். கம்பவுண்டர் மகள் அன்றோடு பின்னால் போனாள்.

நான்கு நாள் கழித்து, கிறிஸ்துமஸுக்குத் துணிகளை வெயிலில் போட அத்தை பெட்டியைத் திறந்தார். சால்வை இல்லை. பெட்டியில் இருந்த ஒவ்வொரு துணியையும் உதறினார். பிறகு அந்தத் துணிகளையே மறுபடி முதலிலிருந்து உதறினார். அம்மா கட்டிலுக்கு அடியில் தேடினார். என்னிடமும் அத்தை கேட்டார்.

"நீ பாத்தியா கண்ணு?"

"இல்ல அத்தை."

நல்லதைச் சொல்லக் கூடாது என்பதுதானே சட்டம், அதைத்தான் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் என்று ஒத்துக்கொள்வதைவிட அது கௌரவமாக இருந்தது.

மறுநாளே மேஸ்திரி மனைவி வந்து, அந்த மாதிரி ஒரு சால்வையைப் பழனியம்மாவின் குழந்தை மேல் பார்த்ததாகச் சொல்லிவிட்டார். அம்மா ஆள் அனுப்பினார். பழனியம்மா பின்கட்டுப் படிக்குக் கீழே வந்து நின்றார். தோளில் குழந்தை, கையில் மடித்த சால்வை. நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"இது எப்படி உன்கிட்ட வந்துச்சு?" என்று அம்மா கேட்டார்.

பழனியம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, கேள்வியும் இல்லை.

"தொவைக்கிற துணியோட கெடந்துச்சுங்கம்மா. புள்ளைக்குக் குளுருதேன்னு எடுத்துட்டேனுங்க. தப்புத்தானுங்க."

"கேட்டிருந்தா பழசு ஏதாவது குடுத்திருப்பேன்ல? நம்பித்தானே ஊட்டுக்குள்ள விட்டேன். இப்படிப் பண்ணலாமா?"

"தப்புத்தானுங்கம்மா" என்று அவர் திரும்பவும் சொன்னார். சால்வையைப் படியின் மேல் வைத்துவிட்டுக் குழந்தையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க நேரம் இல்லாமல் இல்லை. அவர் கீழே இறங்கி, எலுமிச்சை மரத்தைத் தாண்டி, கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் வளைவு வரைக்கும் மெதுவாகத்தான் நடந்து போனார். குழந்தை இருமும் சத்தம் வளைவுக்கு அப்பாலும் கேட்டது. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார்.

அப்பா கோபக்காரர் இல்லை. கூச்சல் போடவில்லை, எஸ்டேட் துரையிடம் சொல்லவும் இல்லை. மறுநாள் காலை ஆள் கூப்பிடும் மஸ்டரில் பழனியம்மாவின் பெயரை மேல்காட்டுக்குக் கூப்பிட்டார், அவ்வளவுதான். கைக்குழந்தைக்காரிகளைப் பிள்ளைக் கொட்டகைக்குப் பக்கத்துக் காட்டில் விடுவதுதான் வழக்கம். நடுவில் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். மேல்காட்டிலிருந்து கொட்டகைக்கு அப்படி வந்துபோக முடியாது. அவர் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, விடியற்காலைப் பனியில் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் மேலே ஏறிப் போவார். அங்கே சில்வர் ஓக் மரத்தில் தூளி கட்டிப் போடுவதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டுத் துணி துவைக்க வேறு ஆள் வந்தார்.

இருபத்துமூன்றாம் தேதி சிஸ்டர் பெட்டிகளைப் பார்த்தார். என் பெட்டி மூட முடியாமல் நிறைந்திருந்தது. சிஸ்டர் என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். அம்மாவுக்கு முகம் எல்லாம் சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்ததும் ஒரு நல்ல காரியம்தானே என்றுகூட எனக்குத் தோன்றியது. வைக்கோல் எடுக்காமல் விட்ட ஒரே நல்ல காரியம் அதுதான்.

இருபத்துநான்காம் தேதி மாலை, கோயில் வாசலில் பவனிக்கு வரிசை நின்றது. மூடுபனி இறங்கிப் பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியவில்லை. முயல் போட்ட ஸ்வெட்டரோடு, கையில் பாலன் சொரூபத்தோடு நான் முதலில் நின்றேன். காற்று அடித்தது. அத்தை பெண்கள் வரிசையிலிருந்து வந்து, தான் போர்த்தியிருந்த காப்பி நிறச் சால்வையை எடுத்து, சொரூபத்தைச் சுற்றி மூடி என் கைக்குள் செருகினார்.

"பாலனுக்குக் குளிரும் கண்ணு" என்றார்.

அத்தை அதைத் துவைத்துக் காயப்போட்டுத்தான் இருந்தார். பனிக்காலத்தில் கம்பளி எங்கே சரியாகக் காய்கிறது? பாச்சை உருண்டை வாசனை போயிருந்தது. அதற்குப் பதிலாக விளக்கெண்ணெயும் புளித்த பாலும் கலந்த வாசனை என் மூக்குக்கு நேராக வந்தது. உள்ளே களிமண் பாலன் சில்லென்று இருந்தார். மணி அடித்தது, எல்லாரும் பாடினார்கள், நான் நடந்தேன். தொட்டி வரைக்கும் அந்த வாசனை என்னோடு வந்தது. கீழே போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடவில்லை. சொல்லிக் கொடுத்தபடி முழந்தாளிட்டு, சால்வையை விலக்கி, பாலனை வைக்கோலின் மேல் பதமாகக் கிடத்தினேன். என்னைப் போல அழகாக யாரும் செய்ததில்லை என்று பூசைக்குப் பிறகு நாலைந்து பேர் அம்மாவிடம் சொன்னார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று எஸ்டேட்டில் எல்லாருமே குடில் பார்க்க வருவார்கள். அவரவர் சாமி வேறாக இருந்தாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஆடு மாடு ஒட்டகம் எல்லாம் காட்டிவிட்டு, நாங்கள் கொடுக்கும் முறுக்கை வாங்கிக்கொண்டு போவார்கள். முறுக்குத் தட்டோடு குடிலுக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். மத்தியானம் வாக்கில் பழனியம்மா வந்தார். குழந்தை பழைய சேலையில் சுற்றியிருந்தது. அவர் வருவதைப் பார்த்ததும் இரண்டு பெண்கள் தங்கள் பைகளை மடிக்கு இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார்.

அவர் குனிந்து பாலனை நெடுநேரம் பார்த்தார்.

"மெத்துன்னு படுத்திருக்குதுங்க" என்றார். "இத்தன வைக்கோலு ஆருங்க கண்ணு போட்டது?"

"எல்லாரும் போட்டோம். என்னோடதுதான் அதிகம்" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். இன்றைக்கும் அந்த வார்த்தை அப்படியே காதில் இருக்கிறது.

அவர் தலையாட்டினார். தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, என் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஆருகிட்டயும் சொல்லலைங்க சாமி. உங்க வைக்கோலு செல்லுமில்லைங்க?"

"செல்லும்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே, இருமுகிற குழந்தையைத் தோளில் தட்டியபடி வெளியே போனார். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார், இனி யாருக்கும் தெரியாது என்று எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்தது நிம்மதி மட்டும்தான். வெட்கம் வருவதற்கு இன்னும் பல வருடங்கள் ஆயின. அது வந்து சேர்ந்தபோது பழனியம்மா குடும்பத்தார் அந்த எஸ்டேட்டைவிட்டே போயிருந்தார்கள். எங்கே போனார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.