வாத்துக்காரர் தாங் பாவ்கெனின் கால்கள்

எங்கள் ஏரிக்கரையில் தாங் பாவ்கெனின் வாத்து முட்டையைத் தின்னாத வீடே கிடையாது. அவர்தான் நான்கு மாதமாக ஒரு முட்டைகூடத் தொடவில்லை. உச்சி முதல் பாதம் வரை தோல் சிவந்து செதில் செதிலாக உரிந்தது. தினமும் காலையில் அவர் மனைவி சைஃபெங் படுக்கையிலிருந்து இரண்டு கை நிறையச் செதிலை அள்ளினாள்.

பக்கத்து வீட்டுக்காரன் என்று நான்தான் அவர்களோடு டாக்டரிடம் போனேன். "உரியிற தோலோட சத்தும் போகுது. முட்டை, மீன், கறி நெறையக் குடுங்க. சத்து தீந்தா உடம்புல நீர் கோத்துக்கும்" என்றார். ஆனால் முட்டையும் மீனும் தோல்நோயைக் கிளப்பிவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சைஃபெங் வெறும் கஞ்சியும் முள்ளங்கி ஊறுகாயும்தான் கொடுத்தாள். நானும் சரியென்று தலையாட்டினேன்.

"முட்டைக்காரனுக்கே முட்டை இல்லையா? வாத்து கேட்டா சிரிக்கும்டீ" என்பார் பாவ்கென்.

"வாய மூடிக்கிட்டுக் குடி."

பனி விழத் தொடங்கிய வாரம் சைஃபெங் என்னை வாசலில் மடக்கினாள். "அண்ணே, வந்து பாருங்க! கஞ்சி வேலை செய்யுது. கால்ல சதை போட்டு செருப்பே நுழையல!"

"யோவ், புத்தாண்டுக்கு வளர்க்கிற பன்னி மாதிரி ஆயிட்டியே!" என்று சிரித்தபடி அவர் கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கொல்லையில் சைஃபெங் பாட்டுப் பாடிக்கொண்டே வாத்துகளுக்குக் கூடை கூடையாகப் பொடிமீன் கொட்டிக்கொண்டிருந்தாள்.