புது பிரிண்டரும் டிராஃப்ட் வீலும்

அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி நான் ஆபீஸில் டைப் அடிக்கும் ராஜபாளையம் மில்லுக்குள் நுழைகிறேன். ஃபிட்டர் அருளப்பன் அண்ணாச்சி மேனேஜர் அறை வாசலில் சஸ்பென்ஷன் மெமோவோடு நிற்கிறார். நாற்பதாம் நம்பர் நூல் ஓட வேண்டிய நூற்பு ஃபிரேமில் தப்பான டிராஃப்ட் வீலை மாட்டிவிட்டாராம். அந்தப் பல்சக்கரம் மாறினால் நூலின் கனமே மாறிவிடும். ஒரு ஷிப்ட் நூல் பாழ்.

"நீ அடிச்சுக் குடுத்த சார்ட்டப் பாத்துத்தான் தாயி மாட்டுனேன்" என்றார்.

"எப்படிப் பாத்தீய?"

சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்தார். நடுவில் சதுரமாக ஓட்டை.

"தாள்ல எம்புட்டு நம்பர் கெடக்கு! என் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணாத் தெரியுது. தாளோட ஓரத்த ஒட்டி அட்டைய வச்சா, ஓட்டைக்குள்ள வாரது என் வீலு."

எனக்குப் பகீரென்றது. புது பிரிண்டர் வந்த ஜோரில், எந்த நூலுக்கு எந்த வீல் என்று காட்டும் சார்ட்டை அழகான எழுத்தில் அடித்தவள் நான்தான். பழைய எழுத்தில் ஆங்கில ஐ, எம், வெற்றிடம் எல்லாமே ஒரே அகலம். புதிதில் ஒவ்வொன்றும் ஒரு அகலம், வெற்றிடமோ ரொம்பக் குறுகல். வரிசைகள் இடப்பக்கம் நகர்ந்து, டிராஃப்ட் வீல் இருந்த இடத்தில் நூலின் முறுக்குக்கான ட்விஸ்ட் வீல் எண் வந்து உட்கார்ந்துவிட்டது.

பழைய சார்ட், புது சார்ட், அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"சார், அண்ணாச்சி மேல தப்பில்ல. எழுத்த மாத்துனது நான். யார்ட்டயும் கேக்கல."

மேனேஜர் அட்டையை இரண்டு தாளிலும் மாறி மாறி வைத்துப் பார்த்தார்.

"புது எழுத்து பாக்க லட்சணமாத்தானம்மா இருந்துச்சு?"

"அதுல மயங்கித்தான் சார் மாத்திட்டேன்."

அண்ணாச்சியின் மெமோவைக் கிழித்தார். என் பெயருக்கு எச்சரிக்கை மெமோ ஒன்று எழுதினார்.

பழைய பிரிண்டர் பழுதாகிக் கிடந்தது. புதியதிலும் ஒரே அகல எழுத்து ஒன்று உண்டு. ஆனால் அதில் சைபருக்கும் ஆங்கில 'ஓ'வுக்கும் வித்தியாசமே தெரியாது. நானே கிராஃப் தாளில் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அளவுக் கட்டத்துக்குள் புள்ளி புள்ளியாக வரைந்தேன். சைபருக்குக் குறுக்கே கோடு போட்டேன், ஒன்றுக்குக் கீழே பாதம் வைத்தேன். வரைந்து வரைந்து அண்ணாச்சியிடம் காட்டினால், மனிதர் லேசில் விடவில்லை.

"எட்டோட வயித்தச் செத்த விரிச்சு விடு தாயி. எண்ணெக் கை பட்டா அடைச்சுக்கிடுது."

விரித்தேன். அந்த எழுத்தைப் பிரிண்டரில் ஏற்றி முதல் சார்ட்டை அடித்தேன். அண்ணாச்சி வீலை மாட்டினார், ஃபிரேம் ஓடியது. மில்லின் சோதனைக் கூடத்தில் நூலை நிறுத்துப் பார்த்தார்கள். சரியாக நாற்பது.

"நாப்பது தாயி, நாப்பது!" என்று ஃபிரேம் சத்தத்தையும் மீறிக் கத்தினார். அந்தச் சார்ட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணும் நான் வரைந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமைதான்.

ஸ்கிரீனுக்கோ தாளுக்கோ எழுத்து தேர்வு செய்கிற தம்பி தங்கைகளே, முதலில் அதைப் படிக்கிறவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். நான் போய் நின்றது, அவர் வேலை போக இருந்த பிறகுதான்.